எட்டு நட்டும் ஒரே இனம்

29 ஜனவரி 2024, திங்கள்

பெரிய வேலை எதையும் தொடங்கும் முன் அதன் சுருக்கத்தை எண்ணிட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம். பாலிடெக்னிக்கில் அளவியல் நடத்திய முப்பத்தொரு ஆண்டுகளும் அப்படித்தான். மாணவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள்.

1. வண்டி: மோட்டோ குட்ஸி V7 ஸ்போர்ட், 1973. எழுநூற்றைம்பது சி.சி. பச்சை டாங்க், சிவப்புச் சட்டகம். நூற்பாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த இத்தாலியப் பொறியாளர் ஒருவர் 1979-ல் ஊர் திரும்பும்போது நான் வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஏன் வாங்கினேன் என்பதற்குச் சொல்லும்படியான காரணம் இல்லை.

2. செய்யப்போவது: முன்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்குக்குப் பதிலாக இரட்டை டிஸ்க். பின்னால் புதிய ஷாக் அப்சார்பர். மின்னணு இக்னிஷன். வயரிங் முழுவதும் புதிது. தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை.

3. செய்பவர்: சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் பிளாரன்ஸ் என்ற பெண்மணி. வயது ஐம்பது இருக்கும். லேத்தும் அவரே, வெல்டிங்கும் அவரே.

4. ஓட்டப்போகிறவர்: மாப்பிள்ளை சென்னியப்பன், என் மனைவி தெய்வானையின் தம்பி. வேலை முடிந்ததும் வண்டியை அவருக்கே கொடுத்துவிடுவதாக முடிவு. சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர், அச்சம் அறியாதவர். இப்படிப்பட்ட வண்டி அப்படிப்பட்ட ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

5. என் பங்கு: குறிப்பெடுப்பது மட்டும். கையால் எதையும் தொடுவதில்லை.

மார்ச் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையம் பந்தயப் பாதையில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள். அதற்குள் முடிய வேண்டும்.

31 ஜனவரி, புதன்

வண்டியை டாடா ஏஸில் ஏற்றி அனுப்பினேன். வீட்டிலிருந்து பட்டறை ஒன்பது கிலோமீட்டர்.

"ஏனுங்க, பெட்ரோல் இருக்குது, சக்கரம் இருக்குது, மாசாமாசம் ஸ்டார்ட் பண்ணியும் வெக்கறீங்க. ஓட்டீட்டே போனா என்னங்க?" என்றாள் தெய்வானை.

இன்சூரன்ஸ் விவரம் சரிபார்க்க வேண்டும் என்றேன். சரிபார்த்தேன். நவம்பர் வரை இருக்கிறது.

3 பிப்ரவரி, சனி

முழுதும் பிரித்தாகிவிட்டது. பிளாரன்ஸ் ஸ்பீடாமீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது சுத்தி வந்து நின்ன கணக்குங்களா? லச்சம் தாண்டி மறுபடி ரெண்டாயிரத்து அறுநூறா?"

இல்லை, அது முதல் இரண்டாயிரத்து அறுநூறுதான் என்றேன்.

"நாப்பத்தஞ்சு வருசத்துலயா? எங்க வீட்டு கிரைண்டர் இதவிட எச்சா ஓடியிருக்கும் சார்."

பழைய பிரேக் நம்பத்தக்கதாக இல்லை, அதனால்தான் ஓட்டவில்லை என்று விளக்கினேன். அவர் பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டினார். தேய்மானமே இல்லை, புதிதுபோல் இருக்கிறது என்றார். நான் வேறு குறிப்புக்குப் போய்விட்டேன்.

7 பிப்ரவரி, புதன்

மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். வெள்ளைக் கார், டிரைவர், பின் இருக்கையில் அவர். தெரு முனையிலேயே குரல் கேட்டது: "வெரசாப் போப்பா, மாட்டு வண்டியா ஓட்டற!"

இறங்கியவர் சட்டகத்தை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"ஏனுங் மச்சான், டிஸ்கு எதுக்குங்? பிரேக்கு நிறுத்தறவனுக்கு. நாம ஓட்டறவங்க." பிளாரன்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். "எங்க மச்சான் இருக்காரே, அவிநாசி ரோட்டத் தாண்டோணும்னா மொதல்ல அதுக்கு ஒரு பிளான் போட்டு, படம் வரைஞ்சு, பொறவு நாளைக்குத் தாண்டிக்கலாம்னு வூட்டுக்குப் போயிருவாரு."

"நீங்க சோழவரத்துல ஓட்டுனீங்களாமே, சார் சொன்னாரு" என்றார் பிளாரன்ஸ்.

"எம்பது, எம்பத்தொண்ணுல. காத்து மூஞ்சில அடிச்சா கண்ணுல தண்ணி வரும், அப்பறம் தண்ணியும் காஞ்சுரும். அது ஒரு வேகமுங்."

"இப்ப என்ன ஓட்டறீங்க?"

"இப்ப மில்லு வேலைக்கே நேரமில்ல" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார்.

அவர் பேசும்போது எனக்குப் பொறாமையாக இருந்ததா என்று யோசித்தேன். இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் அப்படிப் பேசுவதைக் கேட்பதே நன்றாக இருக்கிறது.

8 பிப்ரவரி, வியாழன்

பால்காரர் வரவில்லை. இடது கண்ணில் மங்கல் சற்று அதிகம்.

12 பிப்ரவரி, திங்கள்

டிஸ்க் பொருத்துவதற்காக முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிளாரன்ஸ் புதிதாகக் கடைந்திருக்கிறார். சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் இரண்டு கவ்விகள் பிடித்துக்கொள்ளும். கவ்விக்கு இரண்டாக நான்கு நட்டுகள். முன்சக்கரம் வண்டியோடு இருப்பது அந்த நான்கால்தான். அழகான வேலை. நூலிழை பிசகில்லை. என் கண்ணுக்குத் தெரிந்த அளவில்.

நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் துத்தநாகப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும். பூச்சுக்கடையில் குறைந்தது பத்து கிலோ இருந்தால்தான் தொட்டியில் போடுவார்கள். நம்முடையது நாலரை கிலோ. பட்டறையில் அப்போது வக்கீல் தேவசகாயத்தின் அறுபத்தெட்டாம் வருடத்துப் புல்லட்டும் பிரித்துக் கிடந்தது. அதன் நட்டு போல்ட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்.

"கலந்துவிடாதா?" என்று கேட்டேன்.

"கலக்கத்தான் செய்யும். வந்தா பிரிச்சுக்கலாம் சார். எல்லாப் பட்டறையிலும் இதான் வழக்கம்."

16 பிப்ரவரி, வெள்ளி

சாக்கு திரும்பி வந்தது. எல்லாம் ஒரே பளபளப்பு. எது இத்தாலி, எது புல்லட் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிளாரன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு வயரிங் வேலை பாக்கி இருந்தது.

நான் பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஐந்தாவது குறிப்பு நினைவுக்கு வந்தது.

"நெசமாலுமா சார்? ரெண்டு நாள் சோலி அது."

"எனக்கு வேறு சோலி இல்லை" என்றேன். அவர் சிரித்தார். என் பேச்சுக்குப் பட்டறையில் யாராவது சிரிப்பது முதல் முறை.

17 பிப்ரவரி, சனி

சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரித்து, வெர்னியர், தாள், பேனா, சிறு பிளாஸ்டிக் பைகள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன்.

"சோறு திங்கற மேசைங்க" என்றாள் தெய்வானை.

"கீழே உட்கார்ந்து சாப்பிடலாம்."

"முட்டிய மடக்கி உக்காந்து எந்திரிக்கறதுக்கு நீங்க வந்து தூக்கி விடுவீங்ளா?"

சமையல் மேடையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சாப்பிட்டபின் வந்து வாஷர்களைப் பெரிது சிறிதாக அடுக்கிக் கொடுத்தாள். என்னைவிட வேகம்.

நட்டின் மரையை இனம் பிரிக்கச் சரியான கருவி சீப்பு போன்ற தகடுகள் கொண்ட பிட்ச் கேஜ். என்னிடம் இருக்கிறது. அதன் பற்களை மரையில் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெர்னியரே போதும் என்று முடிவு செய்தேன். விட்டம் தெரிந்தால் இனம் தெரியும்.

18 பிப்ரவரி, ஞாயிறு

முடிந்தது. நாற்பத்திரண்டு பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் எண், இடம், எண்ணிக்கை.

ஒரு சிறு குறிப்பு. முன் அச்சுக் கவ்விக்கான நட்டுகள் இரண்டு வண்டிக்குமாகச் சேர்த்து எட்டு. எட்டுக்கும் துளை அளவு ஒன்றே. வெளி அகலம் மட்டும் சிலவற்றில் கால் மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது. மறுபடி அளந்தால் குறைந்தது, மறுபடி கூடியது. பூச்சின் கனமாக இருக்கலாம், அல்லது என் கை நடுக்கம். பின்னதே அதிகம் பொருந்தும். எட்டு நட்டும் ஒரே இனம் என்று எழுதி, நான்கைப் பதினேழாம் பொட்டலத்திலும் (இத்தாலி), நான்கை முப்பத்தொன்றிலும் (புல்லட்) போட்டேன்.

19 பிப்ரவரி, திங்கள்

பொட்டலங்களைக் கொடுத்தேன். பிளாரன்ஸ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாதிரி எனக்கு யாருமே பண்ணிக் குடுத்ததில்ல" என்றார். சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டினார். வீட்டுக்குப் பேருந்தில் வரும்போது நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

24 பிப்ரவரி, சனி

எஞ்சின் ஓடியது. முறுக்கினால் வண்டி முழுவதும் வலப்பக்கமாக லேசாகத் தோளைச் சாய்க்கும். குறுக்கு எஞ்சினின் குணம் அது. பிளாரன்ஸ் முறுக்கினார், சாய்ந்தது. மறுபடி முறுக்கினார். "வாங்க சார், நீங்க ஒருக்கா" என்றார். முறுக்கினேன். அரை நிமிடம் இருக்கும்.

பழைய சத்தத்தைவிட இது சீராக இருக்கிறது. புதிய இக்னிஷனின் விளைவு.

27 பிப்ரவரி, செவ்வாய்

முன்சக்கரம் பூட்டினார். பதினேழாம் பொட்டலத்தைத் தானே பிரித்து, என் கையெழுத்தை உரக்கப் படித்து, நட்டுகளை எடுத்தார். ஒன்று விரலாலேயே ஏறியது. மற்றவை மூன்று சுற்றுக்குமேல் இறுகின.

"புதுப் பூச்சு. இப்படித்தான் இறுக்கமா ஏறும்" என்றார்.

"ஆமாம், பூச்சு" என்றேன்.

ஸ்பேனர் போட்டு இறக்கி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார். சரியான அளவில் நான்கும் 'டிக்' என்றன. நான்கு டிக்கையும் நோட்டில் குறித்தேன்.

பட்டறைத் தெருவில் மெதுவாக மூன்று முறை போய்வந்தார். பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் நிற்கிறது.

1 மார்ச், வெள்ளி

வண்டி டாடா ஏஸில் செட்டிபாளையத்துக்கு, மாப்பிள்ளையின் தோட்ட வீட்டுக்குப் போனது. வாசலில் நின்று வழியனுப்பியதாக அவர் ஆட்கள் நினைத்திருக்கலாம். நான் கட்டிய கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் மாப்பிள்ளை: "ஞாயித்துக்கிழம பாருங் மச்சான், அந்த நேர் ரோட்டுல நூத்தி அறுவது காட்டறன். டிஸ்க்கு பிரேக்க நான் தொடவே மாட்டேன், அப்படியே பார்சல் பண்ணி உங்ககிட்டயே திருப்பித் தந்தர்றன்."

2 மார்ச், சனி. மாலை

நிதானமாக எழுத முயல்கிறேன்.

நான்கு மணிக்குப் பட்டறையில் மறந்துவைத்த கண்ணாடி உறையை எடுக்கப் போனேன். பிளாரன்ஸ் அப்போதுதான் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு உடுமலைப்பேட்டை கிளம்பிக்கொண்டிருந்தார். நாளைக் காலை நேராகப் பந்தயப் பாதைக்கு வந்துவிடுவாராம். அவர் போன பிறகு வக்கீல் தேவசகாயம் தன் புல்லட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். மீதி வேலையைத் தானே செய்துகொள்வதாகப் பிளாரன்ஸிடம் சொல்லியிருந்தாராம்.

"புரொபசர், நீங்க பிரிச்ச நட்டுதான இது? முப்பத்தொண்ணாம் பாக்கெட்டு. ஒண்ணு சும்மா சர்ருனு ஏறுது. மூணு பேரு நாலு சுத்து வந்துட்டு சாட்சிக் கூண்டுல நிக்கறவனாட்டம் நின்னுக்கறானுங்க. என்னங்க கேஸு இது?"

நான்கையும் வாங்கி, ஜன்னலருகே போய், அவருடைய பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.

புல்லட்டின் மரைகள் பழைய ஆங்கிலக் கணக்கு: அங்குலத்துக்கு இருபத்தாறு. பிளாரன்ஸ் வெட்டியவை மில்லிமீட்டர் கணக்கு, அங்குலத்துக்கு இருபத்தைந்தரை கூட வராது. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் மூன்று நான்கு சுற்று வரை ஒன்றுபோலவே நடிக்கும். பிறகு ஒன்றையொன்று கடித்துத் தின்னும். இறுக்கம் தெரியும், ரெஞ்ச் டிக் என்னும், ஆனால் பிடி இருக்காது.

வக்கீல் கையிலிருந்த நான்கில் மூன்று நம்முடையவை. எனவே இத்தாலி வண்டியின் முன்சக்கரத்தில் மூன்று புல்லட்டுடையவை.

பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அது கால் மில்லிமீட்டர் ஆகாது. அன்றே எனக்குத் தெரியும். பிட்ச் கேஜை எடுக்காததற்குக் காரணம், அதன் பற்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் பிடிக்கவில்லை.

வக்கீலிடம் நட்டுகளை நானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

5.40. வீடு வந்தேன். பிளாரன்ஸுக்குப் போன் செய்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே.

6.00. மாப்பிள்ளைக்குப் போன் செய்ய எடுத்தேன். இது அவர் நடக்கப் போகும் நேரம்.

6.30. என் கணக்கு தவறாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடி வக்கீலுடையது, கீறல் விழுந்தது.

6.50. எப்படித் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். "மாப்பிள்ளை, ஒரு சிறு சந்தேகம்." சிறு என்பதை அடித்தேன். சந்தேகம் என்பதையும்.

7.15. அவர் சாப்பிடும் நேரம்.

7.40. தெய்வானை கேட்டாள், "என்னங்க, போன கையில வெச்சுட்டு அரை மணி நேரமா அத மொறைச்சுட்டு இருக்கீங்க?"

சொன்னேன். மரைக் கணக்கிலிருந்து தொடங்கினேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"சக்கரம் கழண்டுக்குமா, கழண்டுக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"வேகமாகப் போய் பிரேக் பிடித்தால், கழலலாம்."

"அவன் நூத்தி அறுவதுல போறன்னானே." என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். மாப்பிள்ளை போன் அணைந்திருந்தது. வழக்கமாக ஏழரைக்கு அணைத்துவிட்டுப் படுக்கிறவர். அது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு ஆறு மணியிலிருந்தே தெரியும்.

தோட்டத்துக் கேட்டை இரவில் பூட்டிவிடுவார்கள், ஆட்கள் நம்பர் எங்களிடம் இல்லை. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு டாக்சி சொல்லியிருக்கிறது. கூட்டம் எட்டு மணிக்கு. நேரம் இருக்கிறது.

தெய்வானை சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

3 மார்ச், ஞாயிறு. பிற்பகல்

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஆறு முப்பத்தைந்துக்குப் பந்தயப் பாதையை அடைந்தோம். கேட்டில் காவலாளி மட்டும் இருந்தார். "சென்னியப்பன் ஐயா ஆறு மணிக்கே வந்துட்டாருங்க. யாரும் வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு பாக்கோணும்னாரு." உள்ளே அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. தெய்வானை என் முழங்கையைப் பிடித்தாள்.

வண்டி தூரத்து வளைவில் பச்சையாகத் தெரிந்தது. பிறகு மறைந்தது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். பாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அது சுற்றிவந்து எங்களைத் தாண்ட நான்கு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று. மணிக்கு முப்பது கூட இல்லை. சக்கரம் ஏற்கெனவே ஆடுகிறது, அதனால்தான் மெதுவாக வருகிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை. நேர்ப் பாதைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த சுற்றில் தடுப்புக்கு அடியில் குனிந்து, பாதையின் நடுவில் போய் நின்றேன். இரண்டு கைகளையும் தூக்கினேன். தார் இன்னும் குளிர்ந்திருந்தது, செருப்பில் தெரிந்தது. வளைவிலிருந்து வெளிவந்த வண்டி என்னைப் பார்த்தது. வெகு தூரத்திலேயே வேகம் குறைத்து, எனக்குப் பத்தடி முன்னால் மெல்ல நின்றது.

"கெரகமே! என்னுங் மச்சான், இட்டேரித் தடத்துல மாடு வந்தாப்ல நடுவுல வந்து நிக்கறீங்க? அவிநாசி ரோட்டயே தாண்டாத ஆளு!"

"நட்டு தவறு" என்றேன். எழுதிப் பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "முன்சக்கரத்து நட்டு. நான்தான் மாற்றிப் போட்டேன். எனக்கு நேற்றே தெரியும். போன் செய்யவில்லை."

அவர் என்னைப் பார்த்தார், முன்சக்கரத்தைப் பார்த்தார், இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மார்ச் மாதக் காலை, அப்படி வெயில் ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்குப் பிளாரன்ஸ் பட்டுப்புடவையும் டூல் பெட்டியுமாக வந்து சேர்ந்தார். சொன்னேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நட்டு ஸ்பேனர் பட்டதும் இரண்டு சுற்றில் கையோடு வந்தது. கூடவே வெள்ளி நிறத்தில் தூள் உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சரியான நட்டு. நான்காவதில் மறுபடி தூள். அவர் அந்தத் தூளை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"பேசாதீங்க சார் செத்த." பிறகு அவரே, "பாக்கெட்டு மேல எழுதுனது நீங்க. படிச்சுட்டு மரையப் பாக்காம ஏத்துனது நானு. எறுக்கமா ஏறுதுன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. கை சொன்னதக் கேக்காம காகிதம் சொன்னதக் கேட்டேன். உங்க கையெழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சு, கெரகம்!"

போல்ட்டு மரைகளை மரை வெட்டும் டையால் சுத்தம் செய்து, விளக்கடித்துப் பார்த்தார். கெட்டியான போல்ட்டு, மெல்லிய நட்டுதான் தேய்ந்திருக்கிறது என்றார். என் சட்டைப்பையிலிருந்த மூன்று நட்டுகளைக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு, அடி வரை உருண்டு போய் உட்கார்ந்தன. டிக், டிக், டிக், டிக். இம்முறை நான் குறிக்கவில்லை.

"இப்ப மேலேறி நின்னு குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஓட்டுங்கண்ணா" என்றார்.

"இரும்மா" என்றார் மாப்பிள்ளை. "மச்சான், இப்படி வாங்க."

தடுப்புக்கு அப்பால், டயர் அடுக்கின் பின்னால் என்னை அழைத்துப் போனார். இரண்டு நிமிடம் பேசினார். கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே இருந்தார். பேசியது என்ன என்பதை எங்கும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே இந்தப் பத்தி இத்துடன் முடிகிறது.

எட்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முப்பது பேருக்குமேல் இருக்கும். எல்லாரும் இத்தாலி வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். பழைய வண்டிச் சங்கத்துச் செயலாளர் மைக்கோடு வந்தார். "சென்னியப்பன் அண்ணன் இப்ப நமக்கு நூத்தி அறுவது காட்டப் போறாரு! சொல்லீட்டே இருக்காரு ஒரு மாசமா!"

கைதட்டினார்கள். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் கவனித்ததில்லை.

"இன்று ஓடாது" என்றேன்.

மைக் இல்லாமல் சொன்னதால் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. செயலாளர் மைக்கை என் பக்கம் நீட்டினார். "இன்று இந்த வண்டி ஓடாது. நட்டு போல்ட் பிரித்தது நான். முன்சக்கரத்து நட்டுகளைத் தவறாகப் பிரித்துவிட்டேன். இப்போது அது சரியாகிவிட்டது. ஆனால் நான் பிரித்த பொட்டலங்கள் இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் மாப்பிள்ளையை ஓட்டவிட மாட்டேன். அவர் ஓட்டுகிறேன் என்றுதான் சொல்கிறார். நான்தான் சம்மதிக்கவில்லை."

இது பொய் அல்ல, கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர.

"அளவு வாத்தியாரே அளவத் தப்பா உட்டுட்டாரா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அவரை எனக்குத் தெரியும், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாணவர். சிரிப்பு எழுந்தது. என் காதுகள் சூடாயின. ஒரு நிமிடத்தில் ஆறிவிட்டன. இவ்வளவுதானா என்று இருந்தது.

பிளாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஸ்பேனரைத் துடைத்து எல்லாருக்கும் கேட்கும்படி, "சார் சொன்னா சொன்னதுதான். நானும் சாவி குடுக்க மாட்டேன்" என்றார்.

"பாருங், ரெண்டு பேருஞ் சேந்து என்னக் கட்டிப் போட்டுட்டாங்க" என்றார் மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்து. குரல் பழையபடி ஆகிவிட்டது. "இல்லீன்னா இன்னிக்கு நெருப்புப் பறந்திருக்கும்!"

திரும்பும் வழியில் சிங்காநல்லூர் தாண்டியதும் தெய்வானை, "கட்டவெரல்லயே சர்ருனு ஏறுச்சு நட்டு. நான் பாத்துட்டுத்தான இருந்தன்" என்றாள்.

"மற்றவற்றையும் பார்க்க வேண்டும்."

"அத்தன பேரு முன்னால உங்க தலைலயே போட்டுக்கிட்டீங்க."

"தவறு என்னுடையதுதானே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த மொத தடவ சோழவரத்துல உழுந்து தோள்பட்டை முறிஞ்சு வந்தான் பாருங்க, ஆறு மாசம் சைக்கிள் கூட மிதிக்கல. அம்மா கேட்டா மில்லு வேலைம்பான்." என் கை இருக்கையில் இருந்தது. அவள் கையை அதன் மேல் வைத்தாள். வீடு வரும் வரை எடுக்கவில்லை. நேற்றைய போனைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் தொடங்கவில்லை. ஆனால் ஒருநாள் பேசியாக வேண்டும்.

4 மார்ச், திங்கள்

கண் மருத்துவரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியாயிற்று.

பிட்ச் கேஜும் வக்கீலின் பூதக்கண்ணாடியுமாகப் பட்டறைக்குப் போனேன். நூறு வாட் விளக்குக்கடியில் பன்னிரண்டு இனங்கள் பார்த்து முடித்தோம். நான் அளவு சொன்னேன், பிளாரன்ஸ் தன் கண்ணால் சரிபார்த்து எழுதினார். ஒரு பிழை: பின் மட்கார்டு வாஷர், ஆபத்தில்லாதது.

மதியம் மாப்பிள்ளை போன் செய்தார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"மச்சான், வார ஞாயிறு காலைல ஆறு மணிக்கு அங்க யாரும் இருக்கமாட்டாங்க. வாட்ச்மேன் தெரிஞ்சவன்தான். நீங்க வந்தீங்கன்னா மாத்தி மாத்தி ஓட்டலாம். நான் ஒரு ரவுண்டு, நீங்க ஒரு ரவுண்டு. வண்டி உங்க பேருலயே இருக்கட்டும். ஒண்ணும் அவசரமில்லீங்."

"எவ்வளவு வேகத்தில்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்."

முப்பத்தைந்து என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முப்பதில் தொடங்கலாம் என்றார்.

ஜனவரி மாதம் எழுதிய சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவதை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றாதது வேறு, தவறாக எழுதியது வேறு. தவறு நான்காவது. அச்சம் அறியாதவர் என்று எழுதியிருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்தும், அளக்காமல் எழுதிவிட்டேன்.